ஐயாமாரே, ஒருமுறை மிதித்துப் பாருங்கள்

கந்தளாய்க்காரனுக்குச் சைக்கிளின் பெருமையைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வருகிறார்கள். குளிரூட்டிய ஜீப்பில் வருகிறார்கள். ஜீப்பின் கூரையில் இரண்டு சைக்கிள் கட்டியிருக்கும். படம் பிடிக்கும் நேரம் மட்டும் அவை தரையைத் தொடும். நிலைபேறான சுற்றுலா, கிராமிய மரபுரிமை, கைவினைஞர் மேம்பாடு, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம், புகை கக்காத பயணம் என்று அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அடுத்த மூச்சில் கேட்கும் வல்லமை அவர்களுக்கு உண்டு.

எந்த அமைச்சு, எந்த நிறுவனம், எந்தச் செயலமர்வு என்று என்னைக் கேட்க வேண்டாம். ஒன்றைப் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்தவன்தான். மங்கள விளக்கு ஏற்றுவார்கள். மின்விசிறிக் காற்றில் அணையும். மீண்டும் ஏற்றுவார்கள். அதிதிகள் பதவி வரிசைப்படி எழுந்து, தமக்கு முன்னால் பேசியவர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். திரையில் ஒரு வரைபடம் விழும். அதில் குளம் நீலம், வயல் பச்சை, சைக்கிள் பாதை மஞ்சள். ஊரவனுக்கு நிறம் கிடையாது. 'பயனாளிகள்' என்று மூலையில் ஒரு பெட்டிக்குள் அவனை அடைத்திருப்பார்கள்.

2018இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். குண்டு, கொரோனா, வங்குரோத்து எல்லாவற்றையும் தாண்டி 2024இல் அந்தத் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு கையளவையாவது நிலாவெளிக் கடற்கரையிலிருந்து கிளப்பி, உள்ளே குளத்துப் பக்கம், வயல் பக்கம், பாய் இழைக்கிற வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது யோசனை. கெட்ட யோசனை அல்ல. நல்ல யோசனை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கெட்ட யோசனை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

சைக்கிள் இந்த ஊருக்குப் புதிதா? காட்டோரத்திலிருந்து விறகு ஏற்றி வருகிற ஒரு மனிதனை நிறுத்தி, அவன் வண்டியைக் குனிந்து பாருங்கள். என்ன கம்பனி வண்டி என்று கண்டுபிடிக்க முடியாது. பெயின்ற் போய் எத்தனையோ வருடம். மட்காட் இல்லை, செயின்கவர் இல்லை. மணி இல்லை, அவன் தொண்டைதான் மணி. முன் போக்கின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து ஒட்டுப் பிடித்திருக்கும். கரியலுக்குக் கீழே இன்னும் இரண்டு கம்பி. பின்சில்லில் டயருக்கும் ரியூப்புக்கும் நடுவே பழைய டயர்த் துண்டொன்று, முள்ளுக்குக் காவலாக. விறகைக் கட்டிய பிறகு சீற்றில் ஏற இடமிருக்காது. ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கும் சுமையை ஒரு கையால் அணைத்து, மறுகையால் ஹாண்டிலைப் பிடித்து, மைல் கணக்கில் தள்ள வேண்டும். இறக்கம் வந்தால் முன்சில்லில் செருப்புக் காலை வைத்து அழுத்துவான். அதுதான் பிரேக். செருப்புத் தேய்ந்தால் உள்ளங்கால்.

புகை கக்காத பயணத்தில் இவனை வெல்ல ஆள் உண்டா? சட்டித் தயிரை உறியில் தொங்கவிட்டு ஓடுகிறவன், ஐஸ் பெட்டியும் ஹோனுமாக மீன் விற்கிறவன், நெல் மூட்டையைக் குறுக்கே போட்டு மில்லுக்குத் தள்ளுகிறவன், தங்கச்சியை முன்பாரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பொடியன், இவர்கள் எல்லோரும் திட்ட அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே நிலைபேறாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஓடினார்கள் என்பதுதான் வித்தியாசம். வேறு வழியில்லாமல் ஓடுகிறவனுக்கு விருது கிடையாது. வழி இருந்தும் ஒரு வாரம் விரும்பி ஓடுகிறவனுக்குத்தான் வரவேற்பு மாலை.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. மார்ச் மாதத்தில் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் செத்து விழுந்தார்கள். அப்போதுதான் கொழும்புக்குச் சைக்கிளின் ஞானம் பிறந்தது. பத்திரிகையில் பக்கம் பக்கமாகக் கட்டுரை: உடம்புக்கு நல்லது, பூமிக்கு நல்லது, பொக்கற்றுக்கு நல்லது. கட்டுரை வந்த வேகத்தில் சைக்கிளின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. இறக்குமதிக்கு டொலர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, ரியூப் இல்லை. பணக்காரன் சைக்கிளுக்கு மாறினான். சைக்கிளில் இருந்தவன் நடக்கத் தொடங்கினான்.

இதில் ஒரு வேடிக்கை. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு மிதித்தால் 40 கிலோமீற்றர் அளவு. நகருக்குள் போகும் முன் சீனக்குடா வரும். அங்கே பிரித்தானியர் இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் தாக்கி எரித்தது போக, மிச்சம் 99. அவற்றை யார் எத்தனை வைத்துக்கொள்வது என்று 2022 ஜனவரி 6ஆம் திகதி ஒப்பந்தம் எழுதினார்கள்: இந்தியக் கம்பனிக்கு 14, நமது கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. கையொப்பத்தின் மை காய்ந்து இரண்டு மாதத்தில், அந்தக் குதங்களின் நிழலில் இருக்கும் வீடுகளில் அடுப்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஆசியாவிலேயே பெயர் பெற்ற எண்ணெய்க் களஞ்சியத்தைச் சுற்றி விறகுச் சைக்கிள் ஓடுகிறது. மரபுரிமைச் சுற்றுலாவுக்கு இதைவிட நல்ல காட்சி உலகத்தில் எங்கே கிடைக்கும்?

சரி, ஐயாமார் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பாதையை நானே வகுத்துத் தருகிறேன். ஆலோசகர் கட்டணம் வேண்டாம்.

குளக்கட்டில் தொடங்குவோம். கந்தளாய்க் குளத்தை யார் கட்டியது என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். அவர் எந்த வீட்டில் பிறந்தாரோ அந்த வீட்டு அரசன்தான் கட்டியிருப்பான். சூளவம்சம் படித்தவர் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி என்பார். கோணேசர் கல்வெட்டு படித்தவர் குளக்கோட்டன் என்பார். கோணேசர் கோயில் திருப்பணிக்கு நெல் விளைய வெட்டியது என்பார். இரண்டு பேரும் தொண்டை கட்டும் வரைக்கும் சண்டை பிடிப்பார்கள். ஆனால் கட்டியவனைப் பற்றிப் பேச இத்தனை பேர் இருக்க, உடைந்ததைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை.

1986 ஏப்ரல் 20. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை. விடியப்புறம் மூன்று மணியளவில் கட்டு உடைந்தது. படுக்கையில் கிடந்த சனத்தின் மேல் குளம் போனது. 120க்கு மேற்பட்டோர் செத்தார்கள். 1,600 வீடுகள் அளவில் அழிந்தன. 2,000 ஏக்கர் நெல் போனது. கட்டின் மேல் பாரமான வாகனங்களை ஓடவிட்டதும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேல் அரசர்கள் மாறி, படையெடுப்பு வந்து, காடு மூடி, காய்ச்சல் வந்து, பிறகு திருத்தப்பட்டு நின்ற கட்டு. பொறியியலாளரும் திணைக்களமும் கோப்பும் முத்திரையும் இருந்த காலத்தில்தான் அது உடைந்தது. பழைய ஆட்களின் தொழில்நுட்பத்தை வியந்து படம் பிடிக்கப் போகிற ஐயாமார், புதிய ஆட்களின் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பலகை நாட்டட்டும். எத்தனை பேர் செத்தார்கள், எந்தெந்தக் கதிரை தப்பியது என்று மூன்று மொழியிலும் எழுதட்டும்.

கட்டிலிருந்து இறங்கினால் இன்னொரு பழைய சாட்சி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன் இங்கே ஒரு கல்லாசனக் கல்வெட்டு விட்டுப்போனான். இந்த ஊர் அன்று சதுர்வேதி பிரமபுரம் என்ற பிராமணக் குடியிருப்பு. பார்வதி சத்திரம் என்று ஓர் அன்னசத்திரம் இருந்தது. அங்கே தானம் கொடுப்பதை அரசன் உட்கார்ந்து பார்த்த ஆசனம் அது. தன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வதில் நிசங்கமல்லனை மிஞ்சிய அரசன் இந்தத் தீவில் இல்லை. இன்றைய அமைச்சர்களுக்கு அவன்தான் குலகுரு. இருந்தாலும் பாருங்கள், அவனாவது வழிப்போக்கனுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தன் பெயரை வெட்டினான். இவர்கள் பெயர்ப்பலகையை முதலில் திரைநீக்கம் செய்கிறார்கள். சோறு அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில்.

அடுத்தது சீனித் தொழிற்சாலை. இதை விட்டுவிடாதீர்கள். கைத்தொழில் மரபுரிமை என்றால் இதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் செக்கோசுலோவாக்கிய உதவியோடு எழும்பிய ஆலை. சுற்றிவரக் கரும்பு. கந்தளாய்ச் சந்தியில் கடை திறந்தவன், பஸ் விட்டவன், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தவன் எல்லோருக்கும் அதன் சங்குதான் மணிக்கூடு. 1993இல் மூடினார்கள். உதவி செய்த செக்கோசுலோவாக்கியாவும் அதே வருடத் தொடக்கத்தில் இரண்டு நாடாகப் பிரிந்து உலகப் படத்திலிருந்து போய்விட்டது. ஆனால் அது சண்டையில்லாமல் பாகம் பிரித்துக்கொண்டு போனது. இங்கே ஆலையின் இரும்பு முப்பது வருடத்துக்கு மேலாக மழையில் நிற்கிறது. வேலை செய்தவர்கள் தங்கள் காசுக்காக அலுவலகப் படிகளில் ஏறி ஏறியே கிழடானார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆலை திறக்கப்படும். தேர்தல் முடிந்த மறுநாள் மூடப்படும்.

அந்தத் துருவின் முன்னால் நின்று, கூட வரும் வெள்ளைக்காரருக்கு ஒரு கதை சொல்லுங்கள். நாட்டுக்குத் தேவையான சீனியில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. 2020 ஒக்டோபரில் ஒரே வர்த்தமானியில் இறக்குமதிச் சீனியின் விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறங்கியது. கடைச் சீனியின் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்கு வராமல் போன வருமானம் ஏறக்குறைய 1,590 கோடி ரூபா என்று பாராளுமன்றக் குழுவின் முன்பே கணக்கு வந்தது. கரும்பு நட்டவன் தோட்டம் காடானது. ஆலையில் நின்றவன் கூலி வேலைக்குப் போனான். ஒரு தண்டு கரும்பு வெட்டாதவன் இனிப்புத் தின்றான். இதையும் கைவினை என்று சேர்த்துக்கொள்ளலாம். கை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

உண்மையான கைவினைக்கு வருவோம். குளத்தோரத்துப் பன் தெரியுமா? தண்ணீருக்குள் இறங்கி, அட்டை கடிக்க, முதலைக்குப் பயந்து, பன்னை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கரையேற்ற வேண்டும். வெயிலில் உலர்த்தி, சிவப்பும் பச்சையுமாகச் சாயத்தில் அவித்து, மறுபடி உலர்த்திப் பாய் இழைக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் இந்தக் கைவேலை பெரும்பாலும் பெண்களுடையது. உச்சி வெயிலில் பன் முறியும். ஈரக் காற்று இருக்கும் அதிகாலையிலும் இரவிலும்தான் சொன்னபடி வளையும். பகல் முழுக்கச் சமையல், பிள்ளை, வயல். இரவில் குப்பி விளக்கோ மின்குமிழோ, அதன் கீழே குந்தியிருந்து இழை.

இப்போது திட்டத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். சைக்கிள் குழு காலை பதினொரு மணிக்கு வரும். 'செயல்முறை விளக்கம்' நாற்பது நிமிடம். ஆகவே அந்தப் பெண் பதினொரு மணிக்கு நல்ல சேலை உடுத்து, நெற்றி வியர்க்க, முறிகிற பன்னோடு மல்லுக்கட்டி, சிரித்த முகத்தோடு இழைக்க வேண்டும். விருந்தாளி ஒருவர் பக்கத்தில் குந்தி நாலு இழை போட்டுப் பார்ப்பார்; எல்லோரும் கை தட்டுவார்கள். அவர் குழப்பிய நாலு இழையை, அவர்கள் போன பின் பிரித்து மீண்டும் போடுவது யார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. வருகிறவர் பாயை வாங்கவும் மாட்டார், சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது? கைபேசி வைக்கும் சிறு பை ஒன்று இழைத்துத் தரக் கேட்பார். அடுத்த செயலமர்வில் ஒரு நிபுணர் அந்தப் பைக்கு 'பெறுமதி சேர்த்தல்' என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுப்பார். நாற்பது வருடமாகப் பாய் இழைக்கிறவள் பின்வாங்கில் இருந்து கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். சான்றிதழ் தருவார்கள். சான்றிதழைச் சந்தையில் கொடுத்தால் அரைக் கிலோ அரிசி தர மாட்டார்கள்.

கைப்பணிப் பொருளை விற்க அரசாங்கம் 1964இலேயே லக்சல என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அறுபது வருடம். அதற்குள் பிளாஸ்ரிக் பாய் கப்பலேறி வந்து, கந்தளாய்ச் சந்தைக் கடையில் தொங்கி, பன்பாயைக் கல்யாண வீட்டிலிருந்தும் கந்தூரியிலிருந்தும் துரத்திவிட்டது. குளத்தின் கரையைப் பன்னுக்குப் பதிலாக ஆற்றுவாழை பிடிக்கிறது. ஆற்றுவாழையை அகற்ற நிதி இல்லை. பன்பாயை 'அழிந்துவரும் மரபு' என்று ஆவணப்படுத்த நிதி உண்டு. செத்த பிறகு சவப்பெட்டிக்குக் கொடுக்கிற காசில் பாதியை உயிரோடு இருக்கும்போது மருந்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டால், அது எங்கள் செயற்பரப்புக்குள் வராது என்பார்கள்.

மிதியுங்கள், தம்பலகாமம் வருகிறது. கந்தளாய்த் தண்ணீர் பாயும் வயல்வெளி. நடுவில் ஆதிகோணநாதர் கோயில். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அங்கிருந்து காப்பாற்றிய திருமேனிகள் இந்த ஊருக்கு வந்ததாக வழமை சொல்கிறது. இதே தம்பலகாமத்தில் 1998 பெப்ரவரி 1ஆம் திகதி எட்டுத் தமிழர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உட்பட, பொலிஸ் காவலரணில் கொல்லப்பட்டார்கள். கோயில் பலகையில் இடம்பெறும். காவலரண் இடம்பெறாது. அது மரபுரிமை ஆவதற்கு இன்னும் எத்தனை நூற்றாண்டு பொறுக்க வேண்டும் என்று தொல்லியல் திணைக்களம்தான் சொல்ல வேண்டும்.

தொல்லியல் என்றதும் ஞாபகம் வருகிறது. கிழக்கு மாகாணத்தில் ஏறக்குறைய நாலு பேரில் மூன்று பேர் தமிழ் பேசுகிறவர்கள். இந்த மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமையைக் காக்க 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி ஒன்றை வர்த்தமானியில் போட்டார்கள். தலைவர், பாதுகாப்புச் செயலாளர். மரபுரிமைக்கு எந்த எதிரி படை திரட்டினானோ தெரியாது. நியமித்தபோது அதில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து எது பழையது, எது யாருடையது என்று எழுத வந்தவர்களில் வீட்டுக்காரன் பாஷை தெரிந்தவன் ஒருவன் இல்லை. திருகோணமலைக்குக் கிட்டிய கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. செத்தவர்களுக்கு அங்கே கடன் கழிப்பது தலைமுறை வழக்கம். 2019 ஜூலையில் அங்கே வழிபாட்டு உரிமை கேட்டுப் போனவர்களைப் பொலிஸ் மறித்தது. நுழைவுச் சீட்டு எடுத்துக் குளிக்க வருகிற உல்லாசப் பயணிக்கு அந்தத் தடை இல்லை. காசு கொடுத்துப் பார்த்தால் மரபுரிமை. கை கூப்பி உரிமை கேட்டால் கலவரம்.

குடியேற்றத் திட்டத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்ட சிங்களக் கமக்காரனுக்காவது இதில் இலாபம் இருக்கிறதா என்றால், அவனும் இரவில் பரணில் இருந்து யானை வெடி கொளுத்துகிறான். 2023இல் மட்டும் நாட்டில் 470 யானைகளுக்கு மேல் செத்தன. மனிதர்கள் 160 பேருக்கு மேல். ஜீப்பில் யானை பார்க்க வருகிறவனுக்குச் சிற்றுண்டிப் பொதி. யானையோடு வாழ்கிறவனுக்கு வெடிப்பொதி. சைக்கிள் பாதை வரைந்தவர்கள் 'அந்தி வேளைக் குளக்கரைச் சவாரி' என்று ஒன்று போடப் போகிறார்கள் என்றால், ஊரவன் ஏன் ஐந்து மணிக்கே வீடு திரும்புகிறான் என்று முதலில் விசாரிப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது.

இப்படிப் பாதை போட்டால் ஊர் முன்னேறாதா என்று கேட்பவர்கள் மலையகத்தைப் போய்ப் பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் கைகொடுத்து அங்கே பெக்கோ பாதை என்ற நடைபாதை திறந்திருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். அழகான பாதை, மறுக்கவில்லை. நடக்கிறவர் கொழுந்து கிள்ளுகிறவளைக் கடந்து, லயத்தைக் கடந்து போவார். 2024இல் அவளுடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஏறுவதற்கே தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் நீதிமன்றமும் படாத பாடு பட்டன. பாதை போட எடுத்த காலத்தைவிட லயத்துக்குக் கூரை போட எடுக்கும் காலம் அதிகம். பாதைக்கு வெளிநாட்டுப் பணம் உண்டு. கூரைக்கு மனு உண்டு.

சைக்கிளின் தாய்நாடு என்று எல்லோரும் ஒல்லாந்தைக் காட்டுவார்கள். 35,000 கிலோமீற்றர் அளவில் தனிச் சைக்கிள் பாதை, தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில். சரி, அது எப்படி வந்தது? சுற்றுலாச் சபை போட்டதா? 1971இல் மட்டும் அந்த நாட்டு வீதிகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள்; அதில் 400க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று தாய் தகப்பன் வீதியில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரசாங்கம் பணிந்தது. அங்கே பாதை பள்ளிக்கூடப் பிள்ளைக்காகப் போடப்பட்டது. பிள்ளை பத்திரமாக ஓடுவதைக் கண்டு உலகம் பார்க்க வந்தது. நாங்கள் தலைகீழாக நிற்கிறோம். நமது வீதிகளில் வருடம் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். எண்ணெய் நெருக்கடி வந்து முழு நாடும் வரிசையில் நின்றது. ஒரு பாதையும் வரவில்லை. உல்லாசப் பயணி வருவான் என்று கேள்விப்பட்டதும் வரைபடம் வந்துவிட்டது.

கந்தளாய் வழியாகப் போகும் ஏ6 வீதியில் ஒரு நாள் காலை, பள்ளிக்கூட நேரத்தில், ஐயாமாரில் ஒருவர் மிதித்துப் பார்க்கட்டும். துறைமுகத்துக்குப் போகிற லொறி முதுகில் ஹோன் அடிக்கும். கொழும்பு பஸ் எதிரே முந்திக்கொண்டு வரும். தார் முடிகிற இடத்தில் தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். அதில் சில்லு இறங்கினால் பல் தரையில். வெள்ளைச் சீருடையில் வருகிற பிள்ளைகள் அந்த விளிம்பிலேதான் தினமும் சமநிலை பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் அகலம் தாருக்கு வெளியே உறுதியாகப் போடுங்கள். சைக்கிள் ரியூப்புக்கும் டயருக்கும் இருக்கிற இறக்குமதி வரியை எடுங்கள். பன் வெட்டுகிறவர்கள் இறங்கும் குளக்கரையை ஆற்றுவாழையிலிருந்து மீட்டுக் கொடுங்கள். சீனி ஆலைத் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுங்கள். பாய் இழைக்கிறவளை அவள் இழைக்கும் நேரத்தில், அவள் சொல்லும் விலையில் போய்ப் பாருங்கள். இதெல்லாம் நடந்தால் வெள்ளைக்காரன் வருவான், கறுப்பனும் வருவான், நானும் கூட வருவேன். நடக்காவிட்டால், நீங்கள் போடும் பாதை ஊரவன் முதுகில் போடும் பாதை.

வாசகரே, இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று நீங்கள் கேட்கலாம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்ரெம்பரில். அதன் ஆயுள் 2017 செப்ரெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அன்று தொடக்கம் மாகாணத்தின் வீதியும் சுற்றுலாவும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில் இருக்கின்றன.